“புத்தகத்துல இப்படி இல்லையே!”

நாவலைப் படித்துவிட்டு அதன் படத்தைப் பார்க்கப் போகிற தமிழர், இடைவேளையில் காபி குடிக்கிறாரோ இல்லையோ, மேலே உள்ள வாக்கியத்தைச் சொல்லாமல் வீடு திரும்பமாட்டார். எங்கள் பாட்டி சொன்னாள். அப்பா சொன்னார். நானும் விடாமல் சொல்லிவருகிறேன்.

ஆனால் இங்கே தொம்மலூரில், என்னைப்போலப் பொட்டி தட்ட வந்து அப்படியே தங்கிவிட்ட குடும்பங்களில், அடுத்த தலைமுறை அதைச் சொல்வதில்லை. 2022-ல் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் வந்தபோது பெரியவர்கள் ஆளுக்கொரு குறையோடு தியேட்டரை விட்டு வெளியே வந்தோம். பிள்ளைகளோ “சூப்பர்” என்றார்கள். மிஞ்சிப்போனால் “கொஞ்சம் கன்ஃப்யூஸிங்” என்றார்கள். அவர்கள் ரசனையில் பழுதில்லை. குறை சொல்ல வேண்டுமென்றால் பக்கத்தில் வைத்து ஒப்பிட ஒரு புத்தகம் வேண்டும். அது அவர்களிடம் இல்லை. வீட்டில் தமிழ் பேசுவார்கள். பள்ளியில் படிப்பது ஆங்கிலம், கன்னடம், இந்தி. தமிழ் எழுத்து அவர்களுக்கு பஸ் போர்டு அளவுக்குத்தான்.

அதனால் இந்தப் புலம்பலின் சரித்திரத்தைக் கொஞ்சம் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. எண்பது வருடத்துக்கும் மேற்பட்ட சரித்திரம், சாமானியமானதில்லை.

ஆரம்பத்தில் குறையே இல்லை

தமிழ் சினிமா பேச ஆரம்பித்தது 1931-ல். அடுத்த நாலே வருடத்தில் நாவல் திரைக்கு வந்துவிட்டது. 1935-ல் வந்த ‘மேனகா’, வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல். ஆனால் அது நேரே புத்தகத்திலிருந்து வரவில்லை. டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகமாகப் போட்டுப் பெயர் வாங்கியபின் படமானது. பார்க்க வந்தவர்களில் பலருக்கு மேனகா ஏற்கெனவே மேடையில் பார்த்த முகம்.

நான்கு வருடம் கழித்து வந்த ‘தியாகபூமி’ இன்னும் விசேஷம். 1939 ஜனவரியில் கல்கி அதை ஆனந்த விகடனில் தொடராக ஆரம்பித்தார். அதே சமயம் கே. சுப்ரமணியம் படம் எடுத்துக்கொண்டிருந்தார். தொடருக்கு ஓவியம் போடவில்லை. படத்தின் ஸ்டில்களையே போட்டார்கள்! சம்பு சாஸ்திரி என்றால் பாபநாசம் சிவன், சாவித்திரி என்றால் எஸ்.டி. சுப்புலட்சுமி என்று வாசகர் மனதில் வாரா வாரம் ஆணி அடித்தாகிவிட்டது. மே மாதம் படம் வெளியானபோது “சாவித்திரி இப்படியா இருப்பாள்?” என்று கேட்க ஆளே இல்லை.

சண்டை வேறு திசையிலிருந்து வந்தது. தன்னைக் கைவிட்ட கணவனோடு வாழ மாட்டேன், வேண்டுமானால் நானே ஜீவனாம்சம் தருகிறேன் என்று ஒரு பெண் சொல்வதை அன்றைக்குப் பல பேரால் ஜீரணிக்க முடியவில்லை. காங்கிரஸ் பிரசாரம் இருக்கிறது என்று பிரிட்டிஷ் சர்க்கார் 1940-ல் படத்துக்குத் தடை போட்டது தனிக்கதை. வாசகர் கோபம் கதையின் மேல்தான் இருந்தது. படம் கதையை மாற்றிவிட்டது என்ற கோபம் பிறக்க இன்னொரு விஷயம் நடக்க வேண்டியிருந்தது.

ஓவியர் கொடுத்த முகம்

1950 அக்டோபர் 29. ‘கல்கி’ இதழில் பொன்னியின் செல்வன் தொடங்கியது. 1954 வரை மூன்றரை வருடம் ஓடியது. பத்திரிகை விற்பனை எழுபதாயிரத்தைத் தாண்டியதாகச் சொல்வார்கள். மணியம் வரைந்த வந்தியத்தேவனும் குந்தவையும் வாரா வாரம் வீட்டுக்கு வந்தார்கள். இதழ் வந்ததும் யார் முதலில் படிப்பது என்று அடிதடி. எழுத்துக் கூட்டத் தெரியாத பாட்டிக்கு யாராவது சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். படித்து முடித்ததும் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி டிரங்குப் பெட்டியில் வைப்பார்கள். உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒன்று இருந்திருக்கலாம்.

இப்படிப் படித்தவர்களுக்குக் கதை சொந்த வீட்டு விஷயமாகிவிட்டது. தொடர் முடிந்தபோது, திடீரென்று முடித்துவிட்டீர்களே, இவர் என்ன ஆனார், அவள் என்ன ஆனாள் என்று வாசகர்கள் கல்கியையே கேட்டார்கள். அவரும் கேள்விகளை ஒதுக்காமல், முடிவுரை எழுதிப் பாத்திரங்களின் பிற்கால வாழ்க்கையைச் சொன்னார். இன்றைக்கும் புத்தகத்தின் கடைசியில் அது இருக்கிறது. சினிமா பக்கத்தில்கூட வராத காலத்திலேயே நம் ஆட்கள் ஆசிரியரிடம் கணக்குக் கேட்டாயிற்று!

அடுத்து ‘தில்லானா மோகனாம்பாள்’. கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் விகடனில் 1957-58-ல் எழுதினார். ஓவியம் கோபுலு. படமானது 1968-ல், ஏ.பி. நாகராஜன் இயக்கத்தில். இடையில் பத்து வருடம். அத்தனை காலம் சிக்கல் சண்முகசுந்தரமும் மோகனாவும் கோபுலுவின் கோடுகளாகவே வாசகர் மனதில் இருந்தார்கள். சிவாஜியும் பத்மினியும் அந்தக் கோடுகளோடு மோத வேண்டியிருந்தது. ஜெயித்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். இன்றைக்கு மோகனாம்பாள் என்றதும் நமக்குப் பத்மினி முகம்தானே வருகிறது?

ஆக, வாசகர் வெறும் தலையோடு தியேட்டருக்குப் போகவில்லை. மனசுக்குள் ஏற்கெனவே ஒரு படம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனார். திரையில் ஓடியது இரண்டாவது படம்.

சண்டையிலிருந்து ஒரு நாவல்

வாசகர் கோபத்திலிருந்தே நாவல் பிறந்து, அந்த நாவல் படமான கதையும் நம்மிடம் உண்டு. 1966-ல் விகடனில் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை வந்தது. மழையில் ஒரு காரில் ஏறிய கல்லூரிப் பெண் கெட்டுப்போய் வீடு திரும்புகிறாள். தாய் முதலில் பதறினாலும், தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று உள்ளே சேர்த்துக்கொள்கிறாள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. எந்த அம்மா இப்படிச் செய்வாள் என்று ஒரே கண்டனம்.

ஜெயகாந்தன் என்ன செய்தார்? சரி, உங்கள் அம்மாக்கள் செய்வதையே எழுதுகிறேன் என்பதுபோல ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ எழுதினார். அதில் தாய் ஊரைக் கூட்டி அலறுகிறாள். கங்காவின் வாழ்க்கை திசைமாறிப் போகிறது. நாவலுக்குள்ளேயே ஒரு எழுத்தாளர் ‘அக்கினிப் பிரவேசம்’ எழுதியவராக வருகிறார். 1972-ல் சாகித்ய அகாதெமி பரிசு. 1977-ல் பீம்சிங் இயக்கத்தில் படம், திரைக்கதை ஜெயகாந்தனே. கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. அந்த எழுத்தாளராக வந்தவர் நம்ம நாகேஷ்.

கண்டித்து எழுதிய வாசகர்கள் இல்லாவிட்டால் இந்த நாவலும் இல்லை, படமும் இல்லை. ‘சும்மா குறை சொல்றான்’ என்று வாசகரைத் தள்ளிவிடுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நம்ம ஊர்க் கதைகள்

பெங்களூருக்கு வருவோம். இந்த ஊரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் எஞ்சினியராக இருந்துகொண்டு தமிழ்நாட்டையே கட்டிப்போட்டவர் சுஜாதா. வேலைக்கு நடுவே எழுதினாரா, எழுத்துக்கு நடுவே வேலை பார்த்தாரா என்று ஆணி பிடுங்கும் நமக்கெல்லாம் இன்னமும் பொறாமைதான். அவருடைய ‘பிரியா’ 1978-ல் படமானது. ரஜினி, ஸ்ரீதேவி, அம்பரீஷ். கூடவே கன்னடத்திலும் எடுத்தார்கள். பெங்களூர்வாசியின் கதை, பெங்களூரில் வளர்ந்த ஹீரோ, கன்னட நட்சத்திரம்... இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

ஆனால் சுஜாதா வாசகர்கள் இன்றைக்கும் மன்னிக்காத படம் அது. நாவலில் லண்டன், படத்தில் சிங்கப்பூர். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். வக்கீல் கணேஷ் டூயட் பாடலாமா? அவன் ஆயுதமே மூளையும் அளந்த பேச்சும். ஒரு பக்கத்துக்கு நாலு வரி பேசுகிறவனைப் பத்து பேரை அடிக்கிறவனாக்கினால் எப்படி? கணேஷ்-வசந்த் ஜோடிக்குப் பலர் நடித்துப் பார்த்துவிட்டார்கள். “இவர்தான்” என்று வாசகர்கள் ஒருமனதாகச் சொன்ன ஆள் இன்னும் கிடைக்கவில்லை.

இது நம் வீட்டு வியாதி மட்டும்தான் என்று நினைத்தால், பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரைக் கேட்டுப் பாருங்கள். கன்னடத்தில் நாவலைப் படமாக்குவது ஒரு காலத்தில் நம்மைவிடத் தீவிரம். புட்டண்ண கணகால் கன்னடத்தில் இயக்கிய முதல் படமே திரிவேணியின் நாவலான ‘பெள்ளி மோட’ (1967). அவர் 1972-ல் எடுத்த ‘நாகரஹாவு’ த.ரா. சுப்பராவின் நாவல்களிலிருந்து வந்தது. விஷ்ணுவர்தனை நட்சத்திரமாக்கிய படம், ஊரே கொண்டாடியது. ஆனால் நாவலாசிரியருக்குப் பிடிக்கவில்லை. என் நாகப்பாம்பைச் சாரைப்பாம்பாக்கிவிட்டார்கள் என்று அவர் நொந்துகொண்டதாக இங்கே பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ‘புத்தகத்துல இப்படி இல்லையே’வின் கன்னட மொழிபெயர்ப்பு, அதுவும் எழுதியவர் வாயாலேயே!

புலி, லாரி, குடிசை

எல்லா மாற்றமும் கெட்ட மாற்றம் என்று சொல்ல வரவில்லை. உமாசந்திரனின் ‘முள்ளும் மலரும்’ நாவலில் காளியின் கையைப் பறிப்பது புலி. மகேந்திரனின் படத்தில் (1978) லாரி. விஞ்ச் ஓட்டும் தொழிலாளி குடித்துவிட்டு லாரியில் அடிபடுவது நம் கண் முன்னால் நடக்கக்கூடியது. புலி வந்திருந்தால் படமே வேறு மாதிரி ஆகியிருக்கும். பெரிய நாவலைத் திரைக்கதையாக்குகிற வேலை மகேந்திரனுக்குப் புதிதில்லை. எம்.ஜி.ஆர். 1958-ல் பத்தாயிரம் ரூபாய்க்குப் பொன்னியின் செல்வன் உரிமையை வாங்கியிருந்தார். அதற்குத் திரைக்கதை எழுத அமர்த்தப்பட்டவர் இதே மகேந்திரன். அந்தப் படம் கடைசிவரை வரவில்லை.

1995-ல் ஞான ராஜசேகரன் ‘மோகமுள்’ எடுத்தார். தி. ஜானகிராமனின் கும்பகோணமும் சங்கீதமும் பக்கம் பக்கமாக ஓடுகிற நாவல். இரண்டரை மணி நேரத்தில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது? யமுனா தி.ஜா. வாசகர்களுக்கு ஒரு பாத்திரம் மட்டுமில்லை, பலருக்கு இளவயது காதலியே அவள்தான். எந்த நடிகை வந்தாலும் யாராவது முகம் சுளித்துத்தான் இருப்பார்கள்.

2019-ல் வெற்றிமாறனின் ‘அசுரன்’. பூமணியின் ‘வெக்கை’ 1982-ல் வந்தது. கொலை செய்துவிட்டு ஒரு பையனும் அவன் அப்பாவும் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரியும் சில நாட்கள்தான் நாவல். குரல் உயர்த்தாத எழுத்து. படம் அப்பாவுக்கு ஒரு பெரிய முன்கதையைச் சேர்த்தது. குடிசைகள் எரிவதைப் பார்த்த யாருக்கும், 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்ட 1968-ன் கீழ்வெண்மணி நினைவுக்கு வராமல் இருக்காது. நாவலின் அடக்கம் போய்விட்டது என்றார்கள் சிலர். நாவல் உள்ளே வைத்திருந்ததைப் படம் வெளியே சொன்னது என்றார்கள் சிலர். இரண்டு கட்சிக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு கட்சியிலும் சேர, முதலில் ‘வெக்கை’யைப் படித்திருக்க வேண்டும்.

கரிகாலனைக் கொன்றது யார்?

கடைசியில், எம்.ஜி.ஆரால் முடியாததை மணிரத்னம் முடித்தார். 2022 செப்டம்பர் 30, 2023 ஏப்ரல் 28 என்று இரண்டு பாகம். கன்னடத்திலும் பேசியது. நம்ம பெங்களூர்க்காரர்களான பிரகாஷ் ராஜ் சுந்தர சோழராகவும், கிஷோர் ரவிதாசனாகவும் வந்தார்கள்.

குறைகள்? பட்டியல் ரெடி. மணிமேகலை என்ற பெண்ணே படத்தில் கிடையாது. சேந்தன் அமுதன் இருக்கிறான். அவனுடைய பிறப்பு ரகசியம் இல்லை. கொஞ்சம் நியாயமாக யோசித்தால், எழுத்தில் ஒரு ரகசியத்தை ஆசிரியர் ஆயிரம் பக்கத்துக்கு மறைத்து வைக்க முடியும். திரையில் முகம் தெரிந்துவிடுகிறதே, என்ன செய்ய?

எல்லாவற்றையும்விடப் பெரிய வழக்கு, ஆதித்த கரிகாலனின் சாவு. காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கோயிலில், ராஜராஜனின் தொடக்க ஆண்டுகளைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்ற சகோதரர்களை அது சொல்கிறது. ஏன் கொன்றார்கள் என்று சொல்லவில்லை. கல்கி அந்த இடைவெளியில் நந்தினியைக் கொண்டுவந்தார். ஆனால் கத்தியைப் பிடித்த கை யாருடையது என்பதைக் கடைசிவரை இருட்டிலேயே வைத்தார். படமோ, கரிகாலன் நந்தினியின் கையாலேயே தன் முடிவைத் தேடிக்கொண்டதாகக் காட்டியது.

கல், கதை, படம். மூன்று விதமான பதில். படத்தை மட்டும் பார்த்த பிள்ளைக்கு ஒரே பதில், அதுவே முடிவான பதில். புத்தகத்தையும் படித்தவருக்கு அது ஒரு டைரக்டரின் யூகம். சரித்திரம் தெரிந்தவருக்கு நந்தினியே ஒரு நாவலாசிரியரின் யூகம். ‘புத்தகத்துல இப்படி இல்லையே’ என்று சொல்கிறவர் வெறுமனே முணுமுணுக்கவில்லை. இந்தக் கதையை வேறு மாதிரியும் சொல்ல முடியும், சொல்லியிருக்கிறார்கள், எனக்குத் தெரியும் என்கிறார். அந்தச் சுதந்திரத்தைத்தான் நம் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் விட்டுக்கொண்டிருக்கிறோம்.

கல்வெட்டு என்றதும் நம்ம ஏரியா ஞாபகம் வருகிறது. தொம்மலூர் சொக்கநாத சுவாமி கோயிலுக்குப் போயிருப்பீர்கள். (பெயரைக் கேட்டு மதுரைக்காரர்கள் சிவன் கோயில் என்று நினைப்பார்கள். உள்ளே இருப்பவர் பெருமாள், கல்வெட்டில் சொக்கப்பெருமாள்.) அங்கே 13-ம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. இந்த ஊரைத் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் சொல்கின்றன. 1270-ஐச் சேர்ந்த ஒன்று, அழகியார் என்பவர் இரண்டு நிலைக்கால்கள் கொடுத்ததைச் சொல்கிறது. பி.எல். ரைஸ் என்ற வெள்ளைக்காரர் தொகுத்து 1905-ல் அச்சேற்றியதால் நமக்கு விவரம் தெரிகிறது. நாமும் வாரா வாரம் பிரதட்சிணம் செய்கிறோம். எழுத்து கண்ணில் படுகிறது, வாசிக்கத்தான் வரவில்லை. எழுநூறு வருடத்துப் பழைய எழுத்து, போகட்டும். ஆனால் 1950-ல் அச்சான கல்கியும் நம் பிள்ளைகளுக்கு இதேபோலக் கல்லெழுத்தாகிவிட்டால்?

என்ன செய்யலாம்?

பெரிய திட்டமெல்லாம் இல்லை. பொன்னியின் செல்வன் ஐந்து பாகம், முந்நூறை ஒட்டிய அத்தியாயங்கள். வாரத் தொடராக வந்ததால் ஒவ்வொன்றும் சின்னது, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கொக்கி. வீட்டில் ஒருவர் சத்தமாகப் படிக்க மற்றவர்கள் கேட்பதற்குத் தோதான எழுத்து. சாப்பிட்டபின் ராத்திரிக்கு ஒன்று என்று படித்தால் ஒரு வருடத்துக்குள் முடித்துவிடலாம். பிள்ளைகளுக்கு எழுத்து தெரியாவிட்டால் என்ன, காது இருக்கிறதே! அந்தக் காலத்துப் பாட்டிகள் அப்படித்தானே கேட்டார்கள்?

எங்கள் வீட்டில் ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. முதல் வாரம் போன் நோண்டிக்கொண்டே கேட்டாள் பெண். கடம்பூர் மாளிகை வந்தபோது நிமிர்ந்தாள். “கந்தமாறனுக்குத் தங்கச்சி இருக்காளா? படத்துல அவ இல்லவே இல்லையேப்பா!”

பாட்டி சொன்ன வாக்கியம்தான். தலைகீழாக வந்திருக்கிறது. வரட்டும்.

பி.கு.: அல்சூர் ஏரிக்கு எதிரே பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, பொன்னியின் செல்வன் தொடங்கிய அதே 1950-ல் தொடங்கியது. நூலகமும் உண்டு. தொம்மலூரிலிருந்து ஆட்டோவில் பக்கம்தான். ‘வெக்கை’, ‘மோகமுள்’, ‘பிரியா’ என்று ஒன்றொன்றாகத் தேடிப் பாருங்கள். படித்துவிட்டுப் படத்தைப் போட்டு, வீட்டோடு உட்கார்ந்து ஆசைதீரக் குறை சொல்லுங்கள்.